ஆழ வரைபடம் கிணற்றோடு ஒட்டவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நிலத்துக்குள் அலை அனுப்பி எடுக்கும் சீஸ்மிக் பதிவில் பாறை அடுக்குகள் நேரத்தில் கிடைக்கும்; அலை பாறையில் ஓடும் வேகங்களை (வேக மாதிரி) கொண்டு அந்த நேரத்தை ஆழமாக மாற்றியதுதான் ஆழ வரைபடம். அது துளையிட்ட கிணற்றில் அளந்த ஆழத்தோடு ஒட்டவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வேக மாதிரியில்தான். என் அனுபவத்தில் அது கடைசியில் தொட வேண்டியது. டேட்டம் (ஆழமும் நேரமும் அளக்கத் தொடங்கும் மட்டம்), அலகு, மார்க்கர் (கிணற்றில் அடையாளம் கண்ட அடுக்கெல்லை) ஆழம், ஹொரைசன் பிக் (சீஸ்மிக் படத்தில் அடுக்கெல்லையைக் குறித்த இடம்), இந்த நான்கையும் பார்க்காமல் வேகத்தை மாற்றினால் தப்பு போகாது, உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அதைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். கிணற்றுக்கு ஒரு வரி. கெல்லி புஷிங் (துளையிடும் மேடையில் ஆழம் அளக்கத் தொடங்கும் புள்ளி) உயரம், மார்க்கரின் அளந்த ஆழம் (துளையின் பாதை வழியே), செங்குத்து ஆழம், கடல்மட்டத்திலிருந்து ஆழம், அந்த இடத்தில் ஹொரைசனின் இருவழி நேரம் (அலை இறங்கித் திரும்பும் நேரம்), வரைபடம் சொல்லும் ஆழம், கடைசியில் வித்தியாசம். வித்தியாசம் என்பது வரைபட ஆழத்தில் கிணற்று ஆழத்தைக் கழித்தது. கூட்டல் வந்தால் வரைபடம் ஆழமாகக் காட்டுகிறது. இந்தக் குறி வழக்கத்தை எழுதி வைத்துவிடுங்கள். பாதிக் குழப்பம் ஆளுக்கு ஆள் குறி மாறுவதால் வருகிறது.

இனி உங்கள் அட்டவணை எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: ஆழம் இரண்டு மடங்கு, பாதி, அல்லது நம்பவே முடியாத எண்

இது அலகுப் பிழை. சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு மடங்கு அல்லது பாதி வந்தால் இருவழி நேரமும் ஒருவழி நேரமும் கலந்திருக்கின்றன. 2000 மில்லிவினாடி இருவழி நேரம், 3000 மீ/வி சராசரி வேகம் என்றால் ஆழம் 3000 மீட்டர். 6000 வந்தால் யாரோ இரண்டால் வகுக்க மறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3.28 மடங்கு வித்தியாசம் என்றால் அடி, மீட்டர் குழப்பம். சோனிக் லாக்கிலிருந்து (கிணற்றுக்குள் பாறையில் ஒலி கடக்கும் நேரத்தை அளக்கும் பதிவு) வேகம் எடுத்திருந்தால், அடிக்கு மைக்ரோவினாடியில் உள்ள எண்ணைக் கொண்டு 304800-ஐ வகுத்தால் மீ/வி கிடைக்கும். 100 என்ற லாக் மதிப்புக்கு 3048 மீ/வி. அதையே மீட்டருக்கு மைக்ரோவினாடி என்று ஏற்றினால் 10000 மீ/வி வரும். அப்படிப்பட்ட பாறை அங்கே கிடையாது.

ஆழத்தோடு வேகம் நேர்கோட்டில் கூடும் மாதிரியில் இதே பிழை மடங்கு மாறி வருவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் ஆழம் என்பது தொடக்க வேகத்தைக் கே-யால் (ஆழத்தோடு வேகம் கூடும் விகிதம்) வகுத்து, அதை, கே பெருக்கல் ஒருவழி நேரத்தின் எக்ஸ்பொனென்ஷியலில் ஒன்றைக் கழித்து வருவதோடு பெருக்குவது. தொடக்க வேகம் 1800 மீ/வி, கே 0.6, இருவழி நேரம் 2 வினாடி என்று வைத்தால் சரியான விடை ஏறத்தாழ 2466 மீட்டர். இருவழி நேரத்தை அப்படியே போட்டால் 6960. இது இரண்டு மடங்கும் இல்லை, மூன்று மடங்கும் இல்லை. அதனால் அலகுப் பிழை என்று யாருக்கும் தோன்றாது; கே தப்பு என்று நினைத்து அதைக் குறைக்கத் தொடங்குவார்கள். ஒரே ஒரு புள்ளியைக் கால்குலேட்டரில் கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருள் விடையும் கை விடையும் ஒத்துப்போகாத வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

## அறிகுறி 2: எல்லாக் கிணற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு விலகல்

நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். இதில் முதலில் ஒரு கிளை பிரியும்: விலகல் மீட்டரில் மாறாமல் இருக்கிறதா, மில்லிவினாடியில் மாறாமல் இருக்கிறதா?

ஆழமற்ற ஹொரைசனிலும் ஆழமான ஹொரைசனிலும் மீட்டர் ஒரே அளவு என்றால் டேட்டம். கெல்லி புஷிங் உயரத்தை ஒரு பத்தியிலும் விலகலை அடுத்த பத்தியிலும் வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை ஐந்து கிணறுகள் உள்ள ஒரு வேலை என்னிடம் வந்தது. நான்கில் விலகல் 24.1, 26.5, 30.8, 24.1 மீட்டர். ஐந்தாவதில் வெறும் 2 மீட்டர். அந்த நான்கையும் ஒட்டவைக்க வேக மாதிரியை மூன்று முறை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாவது கிணறு விலகிப் போயிற்று. கெல்லி புஷிங் பத்தியைப் பக்கத்தில் வைத்ததும் அதே நான்கு எண்கள், தசமம் உட்பட. மார்க்கர் அட்டவணையில் ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு மாற்றியிருந்த ஆழத்தை, கெல்லி புஷிங் ஆழம் என்று நினைத்து மென்பொருள் மறுபடி கழித்திருக்கிறது. ஐந்தாவது கிணற்றை வேறொருவர் பின்னால் ஏற்றியிருந்தார்; அது மட்டும் சரி. வேக மாதிரியில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

நிலப்பகுதி டேட்டா என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: சீஸ்மிக் டேட்டம் தரைக்கு மேலே இருக்கிறதா? டேட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர், தரை 180 மீட்டர், ரீப்ளேஸ்மென்ட் வேகம் (தரைக்கும் டேட்டத்துக்கும் நடுவே பாறை இருப்பதாக வைத்துக்கொண்ட வேகம்) 2000 மீ/வி என்றால், பதிவின் முதல் 120 மில்லிவினாடி இல்லாத பாறைக்கு உரியது. அந்த 120 மில்லிவினாடிக்கு 2000-தான் கொடுக்க வேண்டும். மேலடுக்கின் உண்மையான வேகம் என்று 800 கொடுத்தால் 120 மீட்டர் 48 மீட்டராகச் சுருங்கி, கீழுள்ள எல்லாமே 72 மீட்டர் மேலே வந்துவிடும். ரீப்ளேஸ்மென்ட் வேகம் பிராசஸிங் அறிக்கையில் இருக்கும். பல சமயம் சீஸ்மிக் டேட்டாவைச் சேமிக்கும் செக்-ஒய் (SEG-Y) கோப்பின் 3200 பைட் எழுத்துத் தலைப்பிலும் இருக்கும். திறந்து படியுங்கள், ஊகிக்க வேண்டாம்.

மேலே குறைவு, கீழே போகப் போகக் கூடுதல், ஆனால் நேரத்தில் மாற்றினால் ஒரே மில்லிவினாடி என்றால் அது நேரப் பெயர்ச்சி. 10 மில்லிவினாடிப் பிழை 2000 மீ/வி பாறையில் 10 மீட்டர், 4000 மீ/வி பாறையில் 20 மீட்டர். முதலில் ஹொரைசனை எங்கே பிக் செய்தீர்கள் என்று பாருங்கள். 25 ஹெர்ட்ஸ் அலைக்குட்டியின் (அடுக்கெல்லையிலிருந்து வரும் குறுகிய அலை) ஒரு சுற்று 40 மில்லிவினாடி. உச்சியில் பிக் செய்ய வேண்டியதைச் சுழிக்கடப்பில் (அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடம்) செய்திருந்தால் கால் சுற்று, அதாவது 10 மில்லிவினாடி போய்விடும். அடுத்து போலாரிட்டி (உச்சியும் பள்ளமும் தலைகீழாக இருக்கின்றனவா), அதற்கடுத்து டேட்டா ஜீரோ-ஃபேஸா (அலைக்குட்டியின் உச்சி சரியாக அடுக்கெல்லையில் நிற்கிறதா) இல்லையா என்பது. கடல் டேட்டாவில் ஏர்கன் (அலை எழுப்பும் கருவி), ஸ்ட்ரீமர் (அலையைப் பதியும் கேபிள்) ஆழத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்றும் கேளுங்கள்.

ஒரு நல்ல கிணற்றில் (மேலிருந்து அலை அனுப்பிக் கிணற்றுக்குள் அது வரும் நேரத்தை அளக்கும்) செக்‌ஷாட்டும் சோனிக்கும் டென்சிட்டியும் வைத்துச் சிந்தெடிக் (கிணற்று அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட சீஸ்மிக் தடம்) போட்டால் இது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிந்தெடிக்கே ஒட்டவில்லை, ஃபேஸ் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். அது பிராசஸிங் ஜியோபிசிசிஸ்ட் பார்க்க வேண்டிய வேலை.

## அறிகுறி 3: ஆழம் கூடக் கூட விலகலும் கூடுகிறது

எல்லாக் கிணற்றிலும் வரைபடம் ஆழமாகக் காட்டுகிறது என்றால், வேகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி முதலில். ஸ்டாக்கிங் வேகமா (சீஸ்மிக் தடங்களை ஒன்றுசேர்க்க எடுத்த வேகம்), ஆர்.எம்.எஸ். வேகமா (அடுக்கு வேகங்களின் வர்க்கச் சராசரியின் மூலம்), சராசரி வேகமா? கோப்பின் பெயரில் வேகம் என்று மட்டும் இருக்கும். எந்த வேகம் என்று இருக்காது.

ஆர்.எம்.எஸ். வேகம் சராசரி வேகத்தைவிட ஒருபோதும் குறையாது. இரண்டே அடுக்கு, ஒவ்வொன்றும் இருவழியில் 1 வினாடி, மேலே 2000, கீழே 4000 மீ/வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 3000. ஆர்.எம்.எஸ். 3162. அதைச் சராசரி என்று நினைத்துப் பெருக்கினால் 3000 மீட்டரில் உள்ள அடித்தளம் 3162-க்கு இறங்கிவிடும். 162 மீட்டர் பிழை, காரணம் ஒரு பெயர்ப்பலகை.

அது சரியாக இருந்தால் அடுத்தது அடுக்குச் சரிவு. சரிந்த அடுக்கில் ஸ்டாக்கிங் வேகம் சரிவுக்கோணத்தின் கொசைனால் வகுபட்டு உயர்கிறது. 20 பாகைச் சரிவில் 6 சதவீதத்துக்கு மேல். சரிவுத் திருத்தம் செய்த வேகமா, மைக்ரேஷனுக்கு (எதிரொலிகளை உரிய இடத்துக்கு நகர்த்தும் பிராசஸிங்) பின் எடுத்த வேகமா என்று பாருங்கள்.

அடுத்ததுதான் செலவு பிடிப்பது: அனைசாட்ரபி, அதாவது திசைக்குத் திசை வேகம் மாறுவது. ஷேல் அதிகமுள்ள படுகைகளில் அலை பக்கவாட்டில் ஓடும் வேகம் செங்குத்து வேகத்தைவிடக் கூடுதல். ஸ்டாக்கிங் வேகம் சாய்ந்து போகும் கதிர்களிலிருந்து வருவது. கிணறு செங்குத்தில் அளப்பது. தாம்சன் 1986-இல் தந்த டெல்டா அளவுருவின்படி, டெல்டா 0.05 என்றால் சீஸ்மிக் வேகம் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல், 0.1 என்றால் 9.5 சதவீதம்.

இதைச் சோதிக்க, ஒவ்வொரு கிணற்றிலும் அடுக்கு வாரியாகச் சீஸ்மிக் வேகத்தைச் செக்‌ஷாட் வேகத்தால் வகுத்து எழுதுங்கள். எல்லாக் கிணற்றிலும் ஏறத்தாழ 1.05, 1.06 என்று வந்தால் அந்த அடுக்குக்கு ஒரே அளவுத் திருத்தம் போதும், வேலை முடிந்தது. ஒரு பக்கம் 1.02, மறுபக்கம் 1.11 என்று சீராக மாறினால் திருத்தத்தையே வரைபடமாக்கலாம், ஆனால் கிணறு போதுமான அளவு இருக்க வேண்டும். தாறுமாறாக இருந்தால், அல்லது படுகையில் மூன்று கிணறுதான் என்றால், அனைசாட்ரபி மாதிரி கட்டத் தெரிந்தவரை அழையுங்கள்.

மாறாக, எல்லாக் கிணற்றிலும் வரைபடம் மேலே நிற்கிறது என்றால் வேகம் குறைவாக வந்திருக்கிறது. பிராசஸிங்கில் மல்டிபிளை (பலமுறை எதிரொலித்து வரும் அலை) பிக் செய்தால் அப்படி நடக்கும். சோனிக் லாக்கில் சைக்கிள் ஸ்கிப் (கருவி அலையின் முதல் வரவைத் தவறவிடுவது), துளைச்சுவர் சரிந்த இடங்கள் இருந்தாலும் நடக்கும். துளையின் விட்டத்தைக் காட்டும் காலிபர் லாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சோனிக்கை மட்டும் நம்பி மாதிரி கட்டாமல், செக்‌ஷாட்டோடு ஒப்பிட்டு டிரிஃப்ட் (இரண்டின் நேர வித்தியாசம்) திருத்தம் செய்த பிறகே பயன்படுத்துங்கள். செக்‌ஷாட்டிலும் சோர்ஸ் (அலை எழுப்பும் இடம்) கிணற்றிலிருந்து விலகியிருந்தால் மேல்மட்ட அளவீடுகளைச் செங்குத்துக்குத் திருத்த வேண்டும். 60 மீட்டர் விலகலுக்கு 300 மீட்டர் ஆழத்தில் 2 சதவீதப் பிழை. 2000 மீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது.

## அறிகுறி 4: அடுக்கு வேகம் பைத்தியம் பிடித்த எண்களைத் தருகிறது

ஒரு இடத்தில் 1200, பக்கத்தில் 6500, இன்னோரிடத்தில் வெற்றிடம். ஆர்.எம்.எஸ். வேகத்திலிருந்து அடுக்கு வேகம் எடுக்கும் டிக்ஸ் சமன்பாடு 1955-இல் வந்தது. இன்றும் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. தடித்த, சரிவில்லாத அடுக்குக்கு நல்லது. மெல்லிய அடுக்கில் சிறு பிழையைப் பெரிதாக்கிவிடும்.

1.8 வினாடியில் 2600, 1.9 வினாடியில் 2650 என்று இருந்தால் அடுக்கு வேகம் ஏறத்தாழ 3430 மீ/வி. கீழ் எண் ஒரு சதவீதம் கூடி 2676 ஆனால் அடுக்கு வேகம் 3790-க்குத் தாவுகிறது. ஒரு சதவீதம் பத்து சதவீதமாகிவிட்டது. கீழ் எண் 2500 என்று பிக் ஆகியிருந்தால் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை வந்து விடையே இருக்காது. அந்த வெற்றிடங்கள் இவைதான்.

முதலில் பிக்குகளைப் பாருங்கள்: ஒரே இடத்தில் மட்டும் துள்ளுகிறதா? அந்தப் பிக்கை நீக்குங்கள். எங்கும் துள்ளுகிறதா? ஆர்.எம்.எஸ். வேகத்தைப் பக்கவாட்டில் மென்மையாக்கிவிட்டு டிக்ஸ் போடுங்கள். டிக்ஸ் போட்டபின் மென்மையாக்குவது பிழையைப் பரப்பி விடுவது மட்டுமே. 200 மில்லிவினாடிக்குக் குறைவான இடைவெளிக்கு நான் டிக்ஸ் போடுவதில்லை. இரண்டு மூன்று அடுக்கைச் சேர்த்து ஒரே அடுக்காக எடுத்துக்கொள்வேன். அதுவும் போதவில்லை என்றால் கட்டுப்பாடுகளோடு தலைகீழாகத் தீர்க்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றின் பொத்தான் மென்பொருளில் இருக்கிறது என்பதற்காக அழுத்த வேண்டாம்; எவ்வளவு கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதுதான் விடையையே தீர்மானிக்கிறது.

## அறிகுறி 5: ஒரு கிணற்றைச் சுற்றி வட்ட வட்டமாக வளையங்கள்

பாறை கிணற்றைச் சுற்றி வளையம் போடாது. அந்தக் கிணற்றின் எண் பக்கத்து எண்களோடு ஒத்துப்போகவில்லை, கிரிட்டிங் (புள்ளிகளுக்கு நடுவே எண்களை நிரப்புவது) அதை வளையமாகக் காட்டுகிறது.

எளிமையான காரணம்: சாய்ந்த கிணற்றின் அளந்த ஆழத்தைச் செங்குத்து ஆழம் என்று ஏற்றியது. அதோடு கூடவே வருவது, மார்க்கரைக் கிணறு அதைத் துளைத்த இடத்தில் வைக்காமல் கிணற்றுவாயில் வைத்தது. ஒரு கிணற்றின் அடிமுனை அதன் வாயிலிருந்து 700 மீட்டர் தள்ளி இருந்தது. ஹொரைசன் நேரத்தைக் கிணற்றுவாயின் நேர்கீழே படித்திருந்தார்கள். சரிவான பகுதி என்பதால் 38 மில்லிவினாடி வித்தியாசம். டீவியேஷன் சர்வேயை (கிணறு சாய்ந்து போன பாதையின் அளவீடு) ஏற்றி, மார்க்கரைத் துளைத்த இடத்துக்கு நகர்த்தியதும் வளையம் காணாமல் போயிற்று.

அடுத்து மார்க்கரே வேறு அடுக்கைக் குறிக்கிறதா என்று ஜியாலஜிஸ்டிடம் கேளுங்கள். பழைய கிணறுகளில் ஒரே பெயரை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மட்டத்துக்கு வைத்திருப்பது சாதாரணம்.

இரண்டும் சரி என்றால் அடுக்கின் தடிமனைப் பாருங்கள். 60 மீட்டர் தடித்த அடுக்கு இருவழியில் 40 மில்லிவினாடி எடுத்தால் வேகம் 3000. ஹொரைசன் பிக்கில் 4 மில்லிவினாடி, அதாவது ஒரே ஒரு சாம்பிள் தவறி 36 ஆனால் 3333. இந்த வேகத்தை எடுத்துக்கொண்டு அடுக்கு தடிக்கும் பக்கத்துக்குப் போனால் ஆழம் கிடுகிடுவென இறங்கும். மெல்லிய அடுக்கில் கிணற்று வேகத்தைக் கிரிட் செய்யாதீர்கள். மேலுள்ள அடுக்கோடு சேர்த்துவிடுங்கள், அல்லது அந்த அடுக்குக்கு ஒரே வேகம் வையுங்கள்.

நேர்கோட்டு வேக மாதிரி என்றால் தொடக்க வேகத்தையும் கே-யையும் கிணற்றுக்குக் கிணறு தனித்தனியாகப் பொருத்தாதீர்கள். ஒன்று கூடினால் மற்றது குறைந்து இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். கிணற்றில் ஒட்டும், கிணறுகளுக்கு நடுவில் அர்த்தமற்ற வேகம் வரும். அடுக்குக்கு ஒரே கே, தொடக்க வேகம் மட்டும் வரைபடமாக மாறட்டும்.

## அறிகுறி 6: கீழே உள்ள மேடு மேலே உள்ளதன் அச்சாக இருக்கிறது

இதில் பொறுமையாக இருங்கள்; துளையிடும் முடிவுகள் இதை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன.

உப்புக்கு வேகம் ஏறத்தாழ 4500 மீ/வி. 1000 மீட்டர் உப்பை அலை இருவழியில் 444 மில்லிவினாடியில் கடக்கும். அதே தடிமன் 3000 மீ/வி படிவில் 667. உப்புக்குக் கீழே தட்டையான அடுக்கு 222 மில்லிவினாடி மேலே எழும்பித் தெரியும். கடலடிப் பள்ளம் இதன் எதிர்: 2000 மீ/வி படிவு இருக்க வேண்டிய இடத்தில் 100 மீட்டர் கூடுதல் தண்ணீர் 1500 மீ/வி-யில் இருந்தால், கீழே எல்லாம் 33 மில்லிவினாடி தொய்யும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் அழகான பொய் மேடு ஒன்று கிடைக்கும். மேல்மட்ட வாயு, பவளப்பாறைத் திட்டுகள் எல்லாம் இதே கதைதான்.

சோதனை எளிது. மேலுள்ள உருவத்தின் தடிமன் வரைபடத்தைக் கீழுள்ள ஆழ வரைபடத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் அந்த மேட்டை நம்பாதீர்கள். ஆழமாக்கிய பிறகும் அச்சு மிச்சமிருந்தால், மாதிரியில் அந்த உருவம் தனி அடுக்காக இல்லை அல்லது அதன் வேகம் தப்பு. கடலடி, உப்பின் மேல்பரப்பு, உப்பின் அடிப்பரப்பு மூன்றையும் தனித்தனியாக வரைந்து, தண்ணீருக்கு 1500-ஐ ஒட்டிய வேகமும் உப்புக்கு அதன் வேகமும் கொடுங்கள்.

அதன் பிறகும் போகவில்லையா? அங்கே நிறுத்துங்கள். வேகம் பக்கவாட்டில் வேகமாக மாறும் இடத்தில் டைம் மைக்ரேஷன் செய்த படமே இடம் தவறி நிற்கிறது. நேரத்தைச் செங்குத்தாக நீட்டி எந்த வேகத்தைக் கொடுத்தாலும் பக்கவாட்டில் நகர்ந்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. டோமோகிராஃபியோடு (அலை நேரங்களிலிருந்து வேகத்தை மீட்டெடுக்கும் முறை) ப்ரீ-ஸ்டாக் டெப்த் மைக்ரேஷன் (தடங்களைச் சேர்க்கும் முன்பே நேரடியாக ஆழத்தில் படமாக்குவது) தேவை. அதற்கு மாதங்களும் பணமும் ஆகும், ஆனால் வேறு வழி இல்லை.

## அறிகுறி 7: அடுக்குகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அல்லது கோடு கோடாகத் தெரிகிறது

வரைபட விளிம்பில் வெட்டினால் கிணறு இல்லாத இடத்துக்கு வேகம் நீட்டப்பட்டிருக்கிறது. விளிம்பில் கட்டுப்பாட்டுப் புள்ளி வையுங்கள் அல்லது வேகப்போக்கைத் தட்டையாக்குங்கள். நடுவில் வெட்டினால் நேர ஹொரைசன்களே வெட்டுகின்றனவா என்று முதலில் பாருங்கள். கோடுகள் சர்வே கோடுகளுக்கு இணையாக இருந்தால் அது வேகப் பிக்கிங்கின் தடம், பக்கவாட்டில் மென்மையாக்கினால் போகும்.

## அறிகுறி 8: எல்லாம் ஒட்டியது, புதிய கிணறு மட்டும் விலகியது

இந்த அறிகுறி தாமதமாக வருவது, அதனால்தான் எனக்கு இதில் அக்கறை அதிகம். எஞ்சிய விலகலைக் கிரிட் செய்து வரைபடத்தில் கூட்டினால் எந்த மாதிரியும் எல்லாக் கிணற்றிலும் பூஜ்யத்தில் உட்காரும். அந்தப் பூஜ்யம் எதையும் நிரூபிப்பதில்லை.

ஒவ்வொரு கிணறாக வெளியே எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்து முழு மாதிரியையும் மறுபடி கட்டுங்கள். வெளியே நிற்கும் கிணற்றில் எவ்வளவு விலகுகிறது என்று எழுதுங்கள். ஆறு கிணற்றில் இந்த விலகல் பொதுவாக 18 மீட்டர், நீங்கள் நம்பும் மேட்டின் உயரம் 15 மீட்டர் என்றால், அந்த மேடு இருக்கிறதா இல்லையா என்று இந்த டேட்டாவால் சொல்ல முடியாது. அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், இணைப்பில் அல்ல. சிக்கலான மாதிரியைவிட எளிய மாதிரி இந்தச் சோதனையில் குறைவாக விலகினால், எளியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டின் உயரமும் விலகலும் நெருங்கி நிற்கும்போது ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (இடம் சார்ந்த புள்ளியியல்) தெரிந்தவரை அழையுங்கள். போகும்போது முதலில் போட்ட அட்டவணை, பிராசஸிங் அறிக்கை, மூல செக்‌ஷாட் கோப்பு, டீவியேஷன் சர்வே, வேகக் கோப்பு எந்த வகை என்ற குறிப்பு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்பும் பின்பும் உள்ள விலகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விலகலைக் கூட்டிச் சரிசெய்த வரைபடத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கூட்டுவதற்கு முந்தைய வரைபடத்தில்தான் அவர் தேடுவது இருக்கும்.